வைரம்: நகைக்கடையிலும் மரக்கடையிலும் ஒரே பெயர் ஏன்?

ஊர்ப் பெயரிலேயே கல்லைச் சுமந்து நிற்கும் ஊர் திண்டுக்கல். இந்த ஊரில் 'வைரம்' என்ற சொல்லை ஒரே நாளில் மூன்று அர்த்தத்தில் கேட்க முடியும்.

நகைக்கடைக்குப் போனால் 'வைரத் தோடு'. மரக்கடைக்குப் போனால் 'இது நல்லா வைரம் பாஞ்ச கட்டைங்க'. பங்காளிச் சண்டை பற்றிப் பெரியவர்கள் பேசுகிற இடத்தில் உட்கார்ந்தால் 'அவன் எனக்கு ஜென்ம வைரி'.

கல், கட்டை, பகை... இந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம்? அதைத் தேடிப் போனால், பாதை இதே மாவட்டத்தில் உள்ள 2,500 வருடப் பழைமையான ஒரு கல்லறையில் போய் நிற்கிறது.

முதலில் ஆயுதம், பிறகு கல்

வைரம் என்ற சொல்லுக்கு மூலம் 'வஜ்ரம்' என்கிற வடசொல். புராணத்தில் இந்திரன் கையில் இருக்கும் ஆயுதத்துக்கு அதுதான் பெயர். எதையும் உடைக்கும், தான் உடையாது என்பது அதன் பெருமை. வேறு எந்தக் கல்லாலும் கீற முடியாத ஒரு கல் கிடைத்ததும், மக்கள் அந்த ஆயுதத்தின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். பேச்சு வழக்கான பிராகிருத மொழிகளில் வஜ்ரம் தேய்ந்து 'வஜிர', 'வயிர' என்று ஆனது. தமிழில் அது வயிரம். இன்று நாம் எழுதுவது வைரம்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'டைமண்ட்' என்ற சொல்லின் தாய் 'அடமாஸ்' என்கிற கிரேக்கச் சொல். 'வெல்ல முடியாதது' என்று அர்த்தம். கிரேக்கர்களும் முதலில் அதை மிகக் கடினமான உலோகத்துக்குத்தான் சொன்னார்கள். கல்லுக்கு வந்தது பிறகுதான்.

டார்ஜிலிங் போனவர்களுக்கு இன்னொரு தகவல். வஜ்ரத்துக்குத் திபெத்திய மொழியில் 'தோர்ஜே' என்று பெயர். தோர்ஜேயின் இடம் என்பதுதான் டார்ஜிலிங் ஆனது.

மரத்துக்குள் எப்படி வந்தது வைரம்?

மரத்தை அறுத்தால் வெளிப்பக்கம் வெளுப்பாக, மெத்தென்று இருக்கும். நடுவில் நிறம் கறுத்து இறுகிய பகுதி இருக்கும். அதுதான் மரத்தின் வைரம். கதவு நிலைக்கும் உத்தரத்துக்கும் அந்தப் பகுதியைத்தான் தேடுவார்கள். கரையான் சீக்கிரம் நெருங்காது.

பனையில் மட்டும் இது தலைகீழ். உள்ளே சோறு, வெளியேதான் வைரம். திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் பழைய ஓட்டு வீடுகளின் கூரையை அண்ணாந்து பார்த்தால் முற்றிய பனங்கைகள் கறுத்து நிற்கும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் காலம் வரை தாங்கும் என்று சொல்வது அந்தக் கறுப்பை நம்பித்தான்.

'வைரம்' வருவதற்கு முன்பு தமிழர்கள் இந்தப் பகுதியை என்ன சொல்லி அழைத்தார்கள்? 'காழ்'. உள்ளே காழ் உள்ளதை மரம் என்றும், வெளியே காழ் உள்ளதைப் புல் என்றும் பிரிக்கிறது தொல்காப்பியம். அந்தக் கணக்கில் பனை ஒரு புல்! இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்றே சொல்கிறது.

இந்தக் 'காழ்' என்ற சொல்லுக்கு மரத்தின் வைரம் என்ற அர்த்தம் மட்டும் இல்லை. மணிகள் கோத்த வடத்துக்கும் அதுதான் பெயர். அதிலிருந்து வந்த 'காழ்ப்பு' என்றால் மனதில் இறுகிப்போன பகை. 'காழ்ப்புணர்ச்சி' என்று இன்றும் எழுதுகிறோமே, அதுதான்.

மரம், மணி, பகை மூன்றும் அங்கேயும் ஒரே சொல்லுக்குள். வடமொழியில் கல்லுக்கு வஜ்ரம், பகைக்கு வைரம் என இரண்டும் தனித்தனிச் சொற்கள். தமிழில் இரண்டும் ஒரே ஒலியில் வந்து சேர்ந்துவிட்டன. நமக்கு அது உறுத்தவே இல்லை. இறுகிய எதற்கும் ஒரே சொல் போதும் என்ற பழக்கம் நமக்குக் காழ் காலத்திலேயே இருந்தது.

பழனி பக்கத்தில் மூன்று எழுத்து

இப்போது அந்தக் கல்லறைக்கு வருவோம். திண்டுக்கல்லில் இருந்து மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் பழனி. அங்கிருந்து தென்மேற்கே 12 கிலோமீட்டரில், மலையடிவாரத்தில் இருக்கிறது பொருந்தல். புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் 2009, 2010-ம் ஆண்டுகளில் இங்கே அகழாய்வு நடந்தது.

கற்பலகைகளால் கட்டிய ஓர் ஈமக்குழிக்குள் நான்கு கால் கொண்ட ஜாடி. அதற்குள் சுமார் 2 கிலோ நெல். கூடவே சூதுபவளம் உள்ளிட்ட கல்மணிகள் ஆயிரக்கணக்கில். பக்கத்தில், பானை உருளாமல் இருக்க அடியில் வைக்கும் சுடுமண் பிரிமணை. அதன் மேல் தமிழ் பிராமியில் கீறிய மூன்று எழுத்துகள்: வ-ய்-ர.

வயிர. வைரம்தான்!

இறந்தவரின் பெயராக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. வைரமுத்து, வைரமணி என்று இன்றும் பெயர் வைக்கிற நமக்கு அது ஆச்சர்யம் இல்லை.

ஜாடியில் இருந்த நெல்லை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வந்த பதில்: கி.மு. 490. இரண்டாவதாக அனுப்பிய நெல்லுக்கு கி.மு. 450. தமிழ் பிராமி எழுத்து அசோகர் காலத்துக்குப் பிறகே, அதாவது கி.மு. 3-ம் நூற்றாண்டுக்குப் பிறகே வந்தது என்று பலர் நம்பியிருந்த நேரம் அது. நெல்லோடு கிடந்த எழுத்துக்கும் அதே வயது என்றால், தமிழ் எழுத்தின் வரலாறு இரண்டு நூற்றாண்டு பின்னோக்கிப் போகும்.

எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்தின் வடிவம் பிந்தைய காலத்துடையது, ஓர் ஈமக்குழியின் தேதியை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, 'வயிர' என்பதே பிராகிருத வடிவம் என்றெல்லாம் எதிர்வாதம் வந்தது. பிறகு 2019-ல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அறிக்கை, அங்கே எழுத்தறிவு கி.மு. 6-ம் நூற்றாண்டிலேயே இருந்தது என்றது. விவாதம் இன்னும் தொடர்கிறது.

சொல் வடக்கிலிருந்து வந்தது என்பதாலேயே பொருந்தலின் பெருமை குறைந்துவிடாது. இங்கே மக்கள் குடியிருந்த மேட்டிலும் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. சூதுபவளத்துக்குப் பெயர் பெற்ற இடம் குஜராத். வைரத்துக்குக் கிருஷ்ணா நதிப் பகுதி. கல் வந்த வழியில் சொல்லும் வந்திருக்கலாம். வந்த சொல்லைத் தன் எழுத்தில் கீறிவைத்தவர், மலையடிவாரத்து ஊர்க்காரர்.

இவை வைரம் அல்ல!

வைராக்கியம்: பலரும் இதை வைரத்தோடு சேர்க்கிறார்கள். இது 'விராகம்', அதாவது பற்று இல்லாமை என்ற சொல்லில் இருந்து வந்தது.

வைரவன்: இந்தப் பெயருக்கு மூலம் பைரவர்.

அமெரிக்கன் டைமண்ட்: பெயரில்தான் டைமண்ட். உண்மையில் இது சிர்கோனியம் ஆக்ஸைடு. வைரமோ சுத்தமான கார்பன். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் கார்பன்தான், உண்மையான வைரம்தான். ஆனால் விலையும் மறுவிற்பனை மதிப்பும் மிகக் குறைவு.

கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போகிறவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தரத்தை மட்டுமே சொல்லும். கல்லுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். இயற்கை வைரமா, ஆய்வக வைரமா என்று பில்லிலும் எழுதி வாங்குங்கள். 'கேரட்'டும் இரண்டு உண்டு. தங்கத்தில் 22 கேரட் என்பது தரம். வைரத்தில் 1 கேரட் என்பது எடை, 200 மில்லிகிராம்.

இன்னொன்று, சுத்தியலால் அடித்தால் வைரம் உடையும். இன்னொரு வைரத்தைத் தவிர வேறு எந்தக் கல்லாலும் அதைக் கீற முடியாது என்பது உண்மை. உடையவே உடையாது என்பது இந்திரன் ஆயுதத்தின் கதை. பல லட்சம் போட்டு வாங்கிய மூக்குத்தியைத் தரையில் போடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த முறை வீட்டுப் பெரியவர்களைப் பார்த்து யாராவது 'வைரம் பாய்ந்த கட்டை' என்றால், அந்த ஒரு சொல்லில் ஆயுதமும் பனங்கையும் பொருந்தல் பிரிமணையும் சேர்ந்தே இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும்.

உங்கள் ஊரில் 'வைரம்' வேறு எந்த அர்த்தத்தில் புழங்குகிறது? வீட்டில் பாட்டி, தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள்.