மூளையைப் படிக்க யாருக்கு இடம்?

"மூளையப் பத்தி மட்டும் படிக்க டிகிரி இருக்காண்ணா?" நெய்வேலி மந்தாரக்குப்பம் பக்கம் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் இரவுப் பாடசாலையில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். அவள் அப்பா ஒப்பந்தத் தொழிலாளி.

இருக்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நரம்பறிவியலை இளநிலையிலேயே முதன்மைப் பாடமாகப் படிக்கலாம். நம் அரசுக் கல்லூரிகளில் விலங்கியலோ உளவியலோ முடித்துவிட்டு, பிறகு பெங்களூரு நிமான்ஸ், மானேசர் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் என்று வெளிமாநிலத்துக்குப் போக வேண்டும். இல்லையென்றால் நீட் எழுதி மருத்துவம். அத்தனை ஆண்டுகள் சம்பாதிக்காமல் படிக்க எந்த வீட்டுப் பிள்ளையால் முடியும்?

யார் படித்தால் என்ன, அறிவியல் பொதுதானே என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் சாமுவேல் மார்ட்டன் மண்டையோடுகளுக்குள் ஈயக்குண்டுகளை நிரப்பி அளந்து, வெள்ளையரை மேலே வைத்தார். இங்கே 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அளவைச் சாதிப் படிநிலையோடு பொருத்தினார். அளவுகோல் அவர்கள் கையில் இருந்தது, அளக்கப்பட்டது நாம்.

அளவுகோலைத் திருப்பிப் பிடித்தால் என்ன தெரியும்? கர்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 642 பள்ளி மாணவர்களிடம் வழி கண்டுபிடிக்கும் புதிர்த்தாளைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது, ஆதிக்கச் சாதி மாணவர்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எல்லார் முன்னிலையிலும் சாதியை அறிவித்ததும் ஒடுக்கப்பட்ட மாணவர்கள் பின்தங்கினார்கள். அதே வயது, அதே புதிர். மாறியது அறிவிப்பு மட்டும்.

'தகுதி, திறமை' என்று தினமும் ஓதுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா? ஒடுக்கப்பட்டவர் மூளையில் குறை என்பதல்ல இதன் பொருள். சாதியைச் சொல்லாதபோது இடைவெளியே இல்லையே! குறை சாதியைக் கூவிய குரலில் இருக்கிறது.

அந்தக் குரல் கேட்ட நொடியில் ஒரு பிள்ளையின் கவனமும் நினைவும் என்ன ஆகின்றன? தொடர்ந்த மன அழுத்தம் நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸ் பகுதியைப் பாதிக்கும் என்று நரம்பறிவியல் சொல்கிறது. பெயர் கேட்டதும் ஊர் கேட்கும் வகுப்பறையை அந்த ஆய்வகத்துக்குள் கொண்டுபோகப்போவது யார்? அதை அனுபவிக்காதவருக்கு அந்தக் கேள்வி தோன்றுவதே கடினம்.

சென்னை ஐஐடியின் மூளை மையம், கருவின் மூளையை 5,132 வெட்டுகளாகப் படமெடுத்து 2024இல் உலகுக்கே வெளியிட்டது. அந்தச் சென்னை நெய்வேலியிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர்தான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே போக வழி இல்லை.

தமிழ்நாடு அரசு தன் கலை அறிவியல் கல்லூரிகளில் நரம்பறிவியலை இளநிலைப் பாடமாகத் தொடங்கட்டும். 69 விழுக்காடு இடஒதுக்கீட்டோடு, தமிழில் நல்ல பாடநூல்களோடு. அறுபதாண்டுக்கும் மேலாக இந்த ஊர் மாநிலத்துக்கு மின்சாரம் கொடுக்கிறது. அதன் பிள்ளைகள் கேட்பது ஒரு வகுப்பறை.