பட்டிப்பொலவில் இறங்காத சுற்றுலா வருமானம்

விமானப் பயணச்சீட்டு, ஹோட்டல் அறை, காலை உணவு, வாகனம் அனைத்தும் உள்ளடங்கலாக இலங்கைக்கு ஐந்து இரவுகள் என்ற விளம்பரங்கள் சென்னையிலும் வளைகுடா நகரங்களிலும் மலிந்து காணப்படுகின்றன. நடுத்தரக் குடும்பமொன்று கடன்படாமல் ஒரு தீவைப் பார்த்துத் திரும்பலாம் என்பது நல்ல செய்தியே. வருகின்றவர்களை நாம் வரவேற்கிறோம். ஆனால் இந்தப் பொதிகளின் அட்டையில் அச்சிடப்படும் படம் பெரும்பாலும் மலையகத்தின் படமாகவே இருக்கும் நிலையில், அந்தப் படத்துக்குள் வாழும் மக்களுக்கு இவ்வியாபாரத்தில் என்ன பங்கு கிடைக்கிறது என்று கேட்பது நமது கடமையாகிறது.

2018ஆம் ஆண்டில் 23 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் இந்நாட்டுக்கு வந்தனர். வருமானம் ஏறத்தாழ 438 கோடி டொலர். உயிர்த்த ஞாயிறு தாக்குதல், கொவிட் தொற்று, 2022இன் பொருளாதார நெருக்கடி ஆகிய மூன்றையும் கடந்து 2024இல் 20 இலட்சத்து 50 ஆயிரம் பேர் வந்தபோது, கிடைத்தது ஏறத்தாழ 317 கோடி டொலர் மட்டுமே. அதாவது வருகை எட்டில் ஒரு பங்கு குறைய, வருமானம் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. 2025இல் வருகை 2018இன் எண்ணிக்கையையும் தாண்டிவிட்டதாகப் பெருமைப்படுவோர் இந்த இரண்டாவது கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மலிவுப் பொதி எவ்வாறு மலிவாகிறது? விமானக் கட்டணத்தின் பெரும்பகுதி வெளிநாட்டிலேயே நின்றுவிடுகிறது. முகவரின் தரகும் அவ்வாறே. மீதியில்தான் இங்குள்ள ஹோட்டல், வாகனம், சாரதி, வழிகாட்டி அனைவரும் பங்கு கேட்க வேண்டியிருக்கிறது. விலை மேலும் குறைய வேண்டுமானால் அறைக் கட்டணமும் சாரதியின் படியும்தான் குறையும். அதற்கும் கீழே இருப்பவரை இந்தக் கணக்கு தொடுவதேயில்லை.

பட்டிப்பொலவை எடுத்துக்கொள்வோம். கொழும்புக் கோட்டையிலிருந்து ஏறத்தாழ 224 கிலோமீற்றர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி உயரத்தில் உள்ள இது, நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம். ஹோட்டன் சமவெளிக்கு நுவரெலியாப் பக்கமிருந்து செல்லும் பாதை இவ்வூரின் வழியாகவே செல்கிறது. 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அச்சமவெளி, 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. பொதியில் வரும் பயணி இவ்வூரை எப்போது காண்கிறார்? உலக முடிவை மூடுபனி மறைப்பதற்கு முன் சென்றாக வேண்டும் என்பதால், நுவரெலியாவிலிருந்து விடிவதற்கு முன்பே வேன் புறப்படுகிறது. அம்பேவலையும் பட்டிப்பொலவும் இருட்டில் கடந்துபோகின்றன. காலைச் சாப்பாடு ஹோட்டலில் கட்டிக்கொடுத்த பெட்டியில். நுழைவுக் கட்டணம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு. திரும்பும்போது நானுஓயாவில் எல்ல புகையிரதத்தைப் பிடிக்கும் அவசரம். லீக்ஸும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு, பால் கறந்து பிழைக்கும் ஊருக்கு எஞ்சுவது வாகனப் புகை. ஒரு தேநீர்கூட அங்கு விற்பனையாவதில்லை என்றால் அது மிகைதான். ஆனால் பெரிய மிகையன்று.

இதைவிட ஆழமான பிரச்சினை காணி. கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று 1996இல் ஹோட்டலாக மாறியது. ஹட்டன், பொகவந்தலாவைப் பகுதியில் துரைமார் பங்களாக்கள் 2005 முதல் ஆடம்பர விடுதிகளாகியுள்ளன. அவற்றில் நாம் குறை காணவில்லை. அவை பலருக்குத் தொழில் தந்துள்ளன. ஆனால் தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் கிடைத்த மறுவாழ்வு லயத்துக்குக் கிடைக்கவில்லை. வீட்டோடு விருந்தினர் அறை நடத்துவோரைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை பதிவு செய்கிறது. தன் பெயரில் உறுதிப்பத்திரம் இல்லாத தோட்டக் குடும்பம் எதைக் காட்டிப் பதிவு செய்யும்? எந்த வங்கி கடன் கொடுக்கும்? ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு பெற்றவர்கள் இன்னும் சிறுபான்மையினரே. நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்து, அதை 1,750 ரூபாவாக உயர்த்தும் யோசனை 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில்தான் வந்தது. மாதத்தில் நான்கு இரவுகள் ஓர் அறை வாடகைக்குப் போனால் அக்குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதை விளக்கத் தேவையில்லை.

பயணம் திட்டமிடும் நமது வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உம்ராவுக்குப் பணம் கட்டிய குடும்பத்துக்கும், காசி யாத்திரைக்குப் போய்வந்த குடும்பத்துக்கும் 'எல்லாம் உட்பட' என்ற சொல்லின் பொருள் நன்கு தெரியும். எவை உட்படவில்லை என்றே முதலில் கேட்க வேண்டும். பூங்கா நுழைவுக் கட்டணம், விசாக் கட்டணம், புகையிரத ஆசனம் ஆகியவை பெரும்பாலும் வெளியேதான் நிற்கும். இரவு உணவையும் சேர்த்து வாங்கிவிட்டு, ஹலால் உணவையோ சைவ உணவையோ தேடி நகரத்துக்குப் போய் இரண்டாவது முறை செலவழிக்கும் குடும்பங்கள் உண்டு. காலை உணவுடன் மட்டும் அறையை எடுத்துக்கொண்டு, மற்ற வேளைகளில் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் உள்ள நம்மவர் கடைகளில் சாப்பிடுவது செலவையும் குறைக்கும். பணமும் அவ்வூரிலேயே தங்கும். 2019 ஏப்ரலுக்குப் பின்னர் முஸ்லிம் வர்த்தகர்கள் பட்ட நட்டத்தை நாம் மறக்கவில்லை. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் அறைக் கட்டணம் பன்மடங்காகும். அம்மாதத்தைத் தவிர்த்தாலே பாதிச் சேமிப்பு கிடைத்துவிடும்.

அரசாங்கம் செய்ய வேண்டியவை இன்னும் தெளிவானவை. எல்ல பயணச்சீட்டுகளை இணையத்தில் நொடிகளில் வாரிக்கொண்டு பன்மடங்கு விலைக்கு விற்ற கும்பல் பற்றி 2025 தொடக்கத்தில் விசாரணை நடந்து கைதுகளும் இடம்பெற்றன. அந்தக் கண்காணிப்பு தளரக் கூடாது. தோட்டக் குடும்பங்களுக்கு உறுதி வழங்கும் பணியைச் சுற்றுலாத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் மலையகப் புகையிரதப் பாதையைப் பலத்த சேதத்துக்குள்ளாக்கியது. பயணம் பதிவு செய்யுமுன் புகையிரதம் எதுவரை ஓடுகிறது என்பதை வெளிநாட்டு வாசகர்கள் விசாரித்தறிய வேண்டும். பாதையைச் செப்பனிடுவோரோ, எல்லவுக்குப் போகும் உல்லாசப் பயணியை மட்டும் மனதிற்கொள்ளாமல், பட்டிப்பொலவிலும் ஒஹியவிலும் மரக்கறி மூட்டையோடு காத்திருப்பவரையும் கருத்திற்கொண்டு நேர அட்டவணையைத் தயாரிக்க வேண்டும்.