காத்திருக்கவும் காணி வேண்டுமோ?

ப்ளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. பொறியியல் கலந்தாய்வு முடிந்து சீட் கைக்கு வர ஆகஸ்ட் ஆகிவிடுகிறது. உத்திரமேரூரைச் சுற்றியுள்ள காலனிகளுக்குள், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஆள் பிடிக்கும் கான்ட்ராக்டர்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான். திங்கட்கிழமையே பஸ் ஏறலாம், ஹாஸ்டல் உண்டு, மாதம் பிறந்தால் சம்பளம். கல்லூரிப் பக்கமிருந்தோ ஒரு எஸ்.எம்.எஸ். கூட வந்திருக்காது.

"கையில இருக்கிறத விடாதே" என்று உடனே அறிவுரை சொல்ல ஆள் வந்துவிடும். ஊர்த்தெருப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அவன் வீட்டில் நிலம் இருக்கிறது. மூன்று மாதம் சும்மா இருந்தாலும் உலை கொதிக்கும். நூறு நாள் வேலையை நம்பியிருக்கும் வீட்டில் கொதிக்காது. அவன் காத்திருந்தால் லட்சியம், நம் பிள்ளை காத்திருந்தால் வெட்டியாய்த் திரிவது. பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைக் காட்டி ஜனநாயகப் பெருமை பேசும் ஊர் இது. ஓலையில் பெயர் எழுத அந்தக் கல்வெட்டு கேட்ட தகுதி என்ன தெரியுமா? வரி கட்டும் நிலம், சொந்த மனை, வேதப் படிப்பு! இன்றும் நிலமுள்ளவன் பெயர்தான் குடத்திலிருந்து வருகிறது.

வேலைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். அந்தச் சம்பளம் வீட்டுக்கு வேண்டும். ஆனால் அசல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், நகல் போதும். இத்தனை மாதம் இருந்தே தீருவேன் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சீட் வந்தால் கிளம்பிவிடுங்கள்.

வேலை கொடுத்தவருக்குத் துரோகமாம்! ட்ரெய்னியை "நாளையிலிருந்து வராதே" என்று ஒரே வார்த்தையில் அனுப்புகிறவர்கள் பேசும் பேச்சா இது? பத்து ஆண்டு வேலை செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அண்ணல் அம்பேத்கர் 1913-ல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா போனார். 1917-ல் அந்த வேலைக்குத் திரும்பியவரை, அவர் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடிகளோடு வந்து விரட்டினார்கள். அவர் பரோடாவை விட்டே போனார். அவரை நன்றி கெட்டவர் என்பீர்களா?

அரசையும் கேட்க வேண்டியிருக்கிறது. 2024-ல் 17,500 ரூபாயை மாலை ஐந்து மணிக்குள் கட்ட முடியாததால், தன்பாத் ஐ.ஐ.டி. சீட்டை இழந்தார் உத்தரப் பிரதேசத் தலித் கூலித் தொழிலாளியின் மகன் ஒருவர். சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து அலைந்தார். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் சீட்டைத் திருப்பிக் கொடுத்தது. நம் காலனியிலிருந்து டெல்லி வரை யார் போவது?

கலந்தாய்வு வழியாகச் சுயநிதிக் கல்லூரியில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்க 2012-லேயே அரசாணை 92 போட்டார்கள். குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போதும். கல்லூரி வாசலில் முன்பணம் கேட்கும்போதுதான் பல பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிகிறது. ஆதிதிராவிடர் நலத்துறை இதை மே மாதமே ஒவ்வொரு காலனியிலும் முகாம் போட்டுச் சொல்லட்டும். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் அங்கேயே கொடுக்கட்டும். கான்ட்ராக்டரின் வேனுக்கு வழி தெரிகிற தெருதான், தாசில்தாரின் ஜீப்புக்கும் தெரியும்.