பனியில் சிக்கினால் என்ன, மணலில் சிக்கினால் என்ன?

பள்ளிப்பட்டில் பனி என்றால் மார்கழி விடிகாலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, 'இன்னா பனி, இன்னா பனி' என்று டீக்கடையில் சொல்லிக்கொள்கிற சமாசாரம். எட்டு மணிக்கு வெயில் வந்தால் காலி. முழங்கால் அளவு கொட்டி வண்டியை விழுங்குகிற இமயமலைப் பனியை நாம் சினிமா டூயட்டில்தான் பார்த்திருக்கிறோம். அதிலும் கதாநாயகி மெல்லிய புடவையில் ஆடுவதால் குளிர் எவ்வளவு என்று சரியாகத் தெரிவதில்லை.

ஆனால் இப்போது ஊருக்கு ஒரு பையனாவது புல்லட்டில் லடாக் கிளம்புகிறான். அப்படி ஒரு தம்பி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஷெட்டில் மெக்கானிக்கிடம் கேட்டான்:

"அண்ணே, பனியில மாட்டிக்கிட்டா இன்னா பண்றது?"

"ஆத்து மணல்ல மாட்டிக்கிட்டா இன்னா பண்ணுவ?"

"ஆக்ஸிலேட்டரை நல்லா முறுக்குவேன்."

"அப்ப லடாக் வேணாம். திருத்தணி வரைக்கும் போய்ட்டு வா. முருகன் பாத்துப்பாரு."

கிண்டல் போகட்டும். மெக்கானிக் கேட்டதில் முழு விஞ்ஞானமும் இருக்கிறது. முறுக்க முறுக்கச் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். மணலில் அது தனக்குத் தானே பள்ளம் தோண்டிக்கொள்ளும். பனியிலோ, சுற்றுகிற சூட்டில் பனி உருகி மறுபடி உறைந்து, கண்ணாடி மாதிரி வழுக்கும். இரண்டிலும் வைத்தியம் ஒன்றுதான். முதலில் இன்ஜினை அமர்த்து. இறங்கு. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மண்வெட்டியால் வழி செய். கோணிச்சாக்கை அடியில் திணி. காரானால் 30 பவுண்டு காற்றை 20-க்கு இறக்கு. டயர் தரையில் நீளமாகப் படிந்து பிடிமானம் கிடைக்கும். வெளியே வந்ததும் காற்றை மறுபடி நிரப்பாமல் வேகமாக ஓட்டக் கூடாது.

இன்னொரு வண்டியை விட்டு இழுக்கிறீர்களா? கயிற்றை பம்பரில் கட்டினால் பம்பர் மட்டும் கரைக்கு வரும். இழுவைக் கொக்கியில் கட்டுங்கள். கயிற்றின் நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைப் போடுங்கள். அறுந்த கயிறு சாட்டையாகப் பாய்ந்து ஆளையே அடித்துவிடும். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரம் தள்ளி நிற்கட்டும். நம்மூரில் கஷ்டமான வேலை இதுதான்!

பனிக்கென்று தனி வில்லங்கங்களும் உண்டு. பேட்டரி சோர்ந்துவிடும். டீசல் மெழுகாகிக் குழாயை அடைக்கும்; லடாக்கில் அதில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்கள் உண்டு. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில், மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை அங்கே அறிமுகப்படுத்தியது.

எல்லாவற்றையும்விடக் கொடியது, கண்ணுக்குத் தெரியாதது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலையில் பனி பார்க்கப் போனவர்களின் கார்கள் வரிசையாகச் சிக்கின. 20 பேருக்கு மேல் காருக்குள்ளேயே இறந்தார்கள், குழந்தைகள் உட்பட. சைலன்ஸர் வாயைப் பனி மூடிக்கொள்ள, ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான். சிக்கியதும் முதலில் பனியை வழிக்க வேண்டிய இடம் சைலன்ஸர்.

நமக்கு எமன் வருவது தண்ணீராக. ஆந்திராவில் அம்மாபள்ளி அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆறு பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்களின் மேல் ஏறிக்கொள்ளும். 2021 நவம்பர் வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. 'கணுக்கால் அளவுதானே' என்று இறங்குகிற ஆசாமி கவனிக்க: ஓடுகிற தண்ணீர் ஓர் அடி இருந்தால் சின்னக் காரை மிதக்க வைக்கும். இரண்டடி, ஜீப்பையும் நகர்த்தும். தண்ணீரில் நின்றுபோன இன்ஜினை 'ஒரே ஒரு தடவை' ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். "அப்புறம் பில்லைப் பாத்து நீங்க வளைவீங்க" என்றார் மெக்கானிக்.

இதே கொசஸ்தலை பூண்டி வழியாக ஓடி எண்ணூரில் கடலில் கலக்கிறது. அந்த எண்ணூரில் 1948-ல் ஆரம்பித்த கம்பெனிதான் பின்னாளில் அசோக் லேலண்ட். அதன் ஸ்டாலியன் லாரிதான் ராணுவத்துக்காகப் பனிமலை ஏறுகிறது. பக்கத்துத் திருவொற்றியூரில் வளர்ந்தது தம்பியின் புல்லட். ஆக, பனிக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. மண்வெட்டி, சாக்கு, கயிறு மூன்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். நாலாவது மீட்பு சாதனத்தை கார் கம்பெனிக்காரனே வண்டியோடு கொடுத்துவிடுகிறான். பெயர், ரிவர்ஸ் கியர். பாதை சரியில்லை என்றால் கௌரவம் பார்க்காமல் போடுங்கள்.

'புல்லட்ல அது இல்லையே?' என்கிறாயா தம்பி? இறங்கித் தள்ளு!