'ஓடுற' காட்டேஜ் விலைக்கு

ஒரு டிஸ்கி முதலில். என் பேரில் இருக்கிற சொத்து ஒரு சைக்கிள், ஒரு பழைய லேப்டாப். அதனால் "சொத்து வாங்குவதைப் பற்றிப் பேச இவன் யார்" என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் பத்து நாளாக எங்கள் வீட்டில் நடக்கிற சண்டையில் நானும் ஒரு பார்ட்டி. மூணு வருஷம் பி.காம் படித்ததற்கு இப்போதுதான் ஒரு உபயோகம் வந்திருக்கிறது :-)

விஷயம் இதுதான். சித்தப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். பி.எஃப்., கிராஜுவிட்டி, சித்தி நகை போட்டு வைத்திருந்த சீட்டு எல்லாம் சேர்த்துக் கொடைக்கானலில் ஒரு காட்டேஜ் வாங்கப் போகிறார். புதுசாகக் கட்டுவது இல்லை, ஏற்கெனவே டூரிஸ்ட்டுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருப்பது. நாலு ரூம், கட்டில் மெத்தை, கீசர், கேர்டேக்கர் குடும்பம் எல்லாம் சேர்த்து 85 லட்சம். "ரன்னிங் பிசினஸ் சார், சாவியை வாங்கின நாள்லேர்ந்து காசு" என்றார் புரோக்கர். போன ஞாயிற்றுக்கிழமை வத்தலக்குண்டு வழியாக மலை ஏறி நானும் போய்ப் பார்த்தேன். இடம் அழகுதான், பொய் சொல்லக் கூடாது. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்க மேகம். சித்தப்பா முகத்தைப் பார்த்தேன், மனுஷன் மனசுக்குள் பால் காய்ச்சிவிட்டார்.

புரோக்கர் கணக்கு: ரூம் 2500, நாலு ரூம், ஒரு ராத்திரிக்குப் பத்தாயிரம். வருஷத்துக்கு 36 லட்சம். "பாதி நாள் காலியா கிடந்தாலும் 18 லட்சம் சார்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்தப் பாதி?

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே நான் போட்ட கணக்கு இது. ஏப்ரல், மே சீசனில் 50 ராத்திரி ஃபுல், 5 லட்சம். பூஜா, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் லீவு எல்லாம் சேர்த்து 20 ராத்திரி, ரூம் 2000 என்றால் 1.6 லட்சம். மிச்ச வாரக் கடைசிகள் ஒரு 88 ராத்திரி, ரெண்டு ரூம், 1500 ரூபாய், 2.64 லட்சம். ஜூலை மாசம் செவ்வாய்க்கிழமை கொடைக்கானலில் யார் ரூம் எடுப்பார்கள்? ஆக 9.24 லட்சம். இதில் புக்கிங் சைட் கமிஷன் ஒன்றரை, கேர்டேக்கர் சம்பளம் 1.8, கரண்டு, தண்ணி லாரி, பெட்ஷீட் வெளுப்பது ஒன்றரை, ஈரம் ஏறி உரிகிற சுவருக்கு வருஷா வருஷம் பெயின்ட், ரிப்பேர் ஒரு லட்சம். கையில் நிற்பது சுமார் மூணே கால், மூணரை லட்சம்.

போட்ட பணம் 85 மட்டும் இல்லை. முழு விலைக்கும் பத்திரம் போட்டால் முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் 9 சதவீதம், ஏழரை லட்சத்துக்கு மேல். நாலு சதவீத வருமானம்கூட வரவில்லை. தபால் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்தில் 2023 ஏப்ரலில் 8.2 சதவீதம் ஆக்கினார்கள், 30 லட்சம் வரை போடலாம் என்றும் மாற்றினார்கள். இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்குக் கோபம். "தபால் ஆபீஸ்ல மேகம் வருமாடா?"

நியாயமான கேள்வி :-) அதுக்குப் பிறகு "நிலம் ஏறும்டா" என்றார். ஏறலாம். ஆனால் நிலம் ஏறும் என்று வாங்குகிறவர் நிலத்துக்கான விலையைத்தானே தர வேண்டும்? 'ஓடுற' என்ற ஒரு வார்த்தைக்காக மேலே ஒரு தொகை வாங்குகிறார்களே, நான் சண்டை போடுவது அந்தத் தொகைக்குத்தான். அது உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்க்க நான் கேட்டது ஒன்றே ஒன்று, கரண்டு சர்வீஸ் நம்பர். ஓனர் காட்டிய புக்கிங் நோட்டில் எல்லாப் பக்கமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லா மாசமும் கூட்டம். மின்வாரியம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம் ரீடிங் எடுக்கிறது. கீசர் ஓடாமல் கொடைக்கானலில் எவனும் குளிக்க மாட்டான். சீசன் பில்லையும் அதற்கடுத்த பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆள் வந்தார்களா இல்லையா தெரிந்துவிடும். பார்த்தோம். அடுத்த பில் கால்வாசிகூட இல்லை.

இதுவரைக்கும் சொன்னது லாபக் குறைவு, அவ்வளவுதான். சித்தப்பா தாங்கிக்கொள்வார். என்னைத் தூங்கவிடாதது மாடியில் இருக்கிற ரெண்டு ரூம்.

வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தம். பட்டா, மூலப் பத்திரம் சரி. வக்கீலும் ஓகே சொல்லிவிட்டார். ஆனால் வில்லங்கச் சான்று காட்டுவது பதிவான பத்திரங்களை மட்டும்தான். கட்டடம் அனுமதிப்படி கட்டினதா என்பது அதில் வராது. பிளான் அப்ரூவல் கேட்டால் ஓனர் காட்டியது தரைத்தளம் மட்டும், அதுவும் குடியிருப்பு வீடு என்று. மேலே இருக்கிற ரெண்டு ரூம் (ஜன்னல், மேகம் எல்லாம் அங்கேதான்) பேப்பரில் கிடையாது. "இங்க எல்லாரும் இப்படித்தான் தம்பி" என்றார் புரோக்கர்.

எல்லாரும் இப்படித்தான் என்பது உண்மைதான், பயமும் அதுதான். மலைப் பகுதிக் கட்டடங்களுக்கு 1993லேயே தனி விதி வந்தாச்சு. பிளசன்ட் ஸ்டே ஓட்டல் என்றால் நம்ம செட்டுக்குத் தெரியாது, அப்பாக்களுக்குத் தெரியும். அரசாங்கமே அனுமதி கொடுத்த கூடுதல் மாடிகள், செல்லாது என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 1995ல் முடிந்தது. 2019ல் உயர் நீதிமன்ற உத்தரவில் விதிமீறல் என்று ஏகப்பட்ட ஓட்டல், காட்டேஜ்களுக்கு நகராட்சி சீல் வைத்தது. சீல் வைக்க வருகிறவர் "இதை நீங்கள் கட்டினீர்களா, வாங்கினீர்களா" என்று பார்ப்பதில்லை. ரெண்டு ரூம் போனால் மேலே போட்ட கணக்கில் என்ன மிஞ்சும்? கேர்டேக்கர் சம்பளம் பாதியாகாது.

போதாததற்கு 2024 மே 7ல் இருந்து இ-பாஸ். 2025 சீசனுக்கு கொடைக்கானலுக்கு சாதாரண நாளில் 4000 வண்டி, வாரக் கடைசியில் 6000 வண்டி என்று நீதிமன்றம் எண்ணிக்கையே வைத்துவிட்டது. என்னைக் கேட்டால் அது சரி. அந்த மலைக்கு அதற்கு மேல் தாங்காது. டிராஃபிக்கில் மூஞ்சிக்கல்லில் ஒரு மணி நேரம் நின்றவர்களுக்குப் புரியும். ஆனால் காட்டேஜ் வாங்குகிறவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா? "2030ல குறிஞ்சி பூக்கும் சார், கூட்டம் அள்ளும்" என்கிறார் புரோக்கர். குறிஞ்சி பூக்கும், சரி. எத்தனை வண்டியை மேலே விடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? 2020ல் ஒரு சீசன் முழுசாகப் போனதை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

இதில் சம்பாதிக்கிறவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. நாங்கள் டீ குடித்த கடைக்காரரே பின்னால் ரெண்டு ரூம் விடுகிறார். அங்கேயே குடியிருக்கிறார், அவர் வீட்டம்மா சமைக்கிறார், பெட்ஷீட்டை மகன் துவைக்கிறான். சம்பளமும் இல்லை, கமிஷனும் இல்லை. சித்தப்பா மதுரையில் உட்கார்ந்துகொண்டு போனில் நடத்தப் போகிறார்.

இன்றைய நிலவரம்: ஒரு லட்சம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தாச்சு. (எனக்குத் தெரியாமல்!) சித்தி யாரிடமும் பேசுவதில்லை. நேற்று ராத்திரி சித்தப்பா என் ரூமுக்கு வந்து, "அந்த பிளான் ஜெராக்ஸ் எங்கடா வச்ச?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் நகராட்சி ஆபீசுக்குப் போகிறாராம். என்னையும் கூப்பிட்டிருக்கிறார். அன்றைக்கு இன்டர்னல் டெஸ்ட் இருக்கிறது. யாராவது கொஸ்டின் பேப்பர் எடுத்து வையுங்கப்பா.