'லைட்டை அணை' மட்டும் போதாது: பசங்களுக்கு ஆற்றல் பாடத்தை எங்கிருந்து தொடங்கணும்?

"ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாதுன்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்கு சார் சேமிக்கணும்?"

ஆற்றல் பாடம் நடக்கும் எந்த வகுப்பிலும் வரக்கூடிய கேள்வி இது. பெரும்பாலும் "உட்காருப்பா" என்பதுதான் பதிலாகக் கிடைக்கும். ஆனால், மொத்தப் பாடமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கு.

ஆங்கிலத்தில் இரண்டு விஷயத்துக்குமே 'கன்சர்வேஷன்' என்ற ஒரே சொல்தான். அந்த வகையில் தமிழ்வழியில் படிக்கிறவங்க கொஞ்சம் லக்கி. இங்கே 'ஆற்றல் அழிவின்மை விதி' வேறு, 'ஆற்றல் சேமிப்பு' வேறு. முதலாவது இயற்கையின் விதி, நாம் எதுவும் செய்ய வேண்டாம். இரண்டாவது நம்ம வேலை. தூத்துக்குடியிலோ மேட்டூரிலோ நிலக்கரியை எரிக்கும்போது, அதன் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீர் வழியாகவும் போய்விடுகிறது. அந்த ஆற்றல் அழியலை. ஆனால் அதைத் திரும்பப் பிடித்து ஒரு ஃபேன்கூட ஓட்ட முடியாது. தீர்ந்துபோவது ஆற்றல் அல்ல, அதன் பயன்படும் தன்மை.

இதைச் சொல்லாமல் நேராக ஓவியப் போட்டிக்குப் போய்விடுகிறோம் என்பதுதான் நம் வருத்தம். டிசம்பர் 14, தேசிய ஆற்றல் சேமிப்பு நாள். அன்றைக்கு எரியும் பல்பு, அழும் பூமி, பச்சை மரம் எல்லாம் சார்ட்டில் வந்துவிடும். ஒரு யூனிட் என்றால் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

ஒரு யூனிட் = எத்தனை மாடி?

ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். மனப்பாடம் செய்து மார்க் வாங்க இது போதும். புரியணும்னா இப்படிப் பாருங்க: 50 கிலோ எடையுள்ள மாணவி 3 மீட்டர் உயர மாடி ஒன்றை ஏற, புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை சுமார் 1,470 ஜூல். ஒரு யூனிட்டுக்குச் சமமாக அவர் சுமார் 2,450 மாடி ஏறணும்! அதே ஒரு யூனிட்டை 2,000 வாட் கீசர் அரை மணி நேரத்தில் குடித்துவிடும். 9 வாட் எல்இடி பல்பு அதைச் செலவழிக்க 111 மணி நேரம் ஆகும்.

இப்போ 'லைட்டை அணை' என்ற அறிவுரையைத் திரும்பப் பாருங்க. தப்பில்லை. ஆனால் குண்டு பல்பு காலத்து அறிவுரை. இன்றைக்கு வீட்டில் பெரிய செலவு ஏசியும் கீசரும்தான். சத்தமில்லாமல் ஓடும் சில்லறைச் செலவும் உண்டு. ரிமோட்டில் மட்டும் அணைக்கப்பட்ட செட்-டாப் பாக்ஸ் 10 வாட் எடுக்குதுன்னு வைங்க, 60 நாளில் 14.4 யூனிட்.

அந்த 14 யூனிட் பெரிய விஷயமா? சில வீடுகளில் ஆமாம். 2022 செப்டம்பர் கட்டணத்தில் கணக்குப் போட்டால், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுதல். காரணம், 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த 2.25 ரூபாய் சலுகை போய், 4.50 ஆகிவிடும். விலை அதற்குப் பிறகு ஏறியிருக்கு. ஆனால் கணக்கு வாத்தியாருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

"அப்போ எல்லாரும் வீட்டு இ.பி. பில்லை எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் தயவுசெய்து சொல்லிடாதீங்க. ஒரு மாணவர் வீட்டில் மூன்று ஏசி இருக்கும். பக்கத்தில் இருப்பவர் வீட்டில் ஒரு ஃபேன், இரண்டு பல்பு. முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் பில்லே பூஜ்யமாக இருக்கலாம். அந்தக் காகிதம் வகுப்பில் குடும்ப வருமானத்தைப் படித்துக் காட்டிவிடும். அதோடு, ஏற்கெனவே குறைவாகச் செலவழிக்கும் வீட்டுப் பிள்ளையிடம் "சேமி" என்று பாடம் எடுப்பதில் நியாயமும் இல்லை.

பள்ளிக்கூடத்திலேயே ஒரு மீட்டர் இருக்கே! காலையில் ஒரு ரீடிங், மாலையில் ஒரு ரீடிங். எந்த வகுப்பில் எத்தனை ஃபேன், எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று பசங்களே எண்ணட்டும். பழைய ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி ஃபேன் அதில் பாதிக்கும் கீழே. எத்தனை ஃபேனை மாற்றினால் எவ்வளவு மிச்சம், போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பும் என்ற கணக்கை எழுதி தலைமை ஆசிரியர் மேசையில் வைக்கட்டும். அவர் மாற்றுவாரா, பட்ஜெட் இல்லை என்பாரா என்பதும் பாடம்தான்.

இதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். மீட்டர் பாக்ஸைத் தொடக்கூடாது, எட்ட நின்று பார்த்து எழுதணும் என்பதை மட்டும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிடுங்க.