டவர் வரும்வரை கூலி காத்திருக்குமா?

ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்தது வெள்ளக்கடை ஊராட்சி. சேர்வராயன் மலையின் இந்தப் பகுதியில் மலையாளி பழங்குடியினர் அதிகம். (பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம், பேசுவது தமிழ்தான்!)

செல்போன் அலை மலையைத் துளைத்துக்கொண்டு போகாது. உச்சியில் டவர் நின்றாலும் அடுத்த சரிவுக்குப் பின்னால் இருக்கும் ஊருக்கு சிக்னல் எட்டாமல் போகலாம். இப்படி விடுபட்ட 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தது. நல்ல திட்டம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த டவர்கள் எழும்பும்வரை அரசே காத்திருக்கவில்லை. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களைச் செல்போன் செயலியில் படம் எடுத்து வருகை பதிவு செய்வது 2023 ஜனவரி 1 முதல் எல்லா இடத்திலும் கட்டாயமானது. சிக்னல் இல்லையென்றால் படத்தைச் சேமித்துப் பிறகு ஏற்றலாம் என்றார்கள். சரி, அதற்காக யார் மலையிறங்குவது? படம் ஏறவில்லை என்றால் நாள் முழுக்க மண் வெட்டியவருக்குக் கூலி என்னாகும்?

கடைசிக் குடியிருப்புக்கும் இணைப்பு வந்து சேரும்வரை கையால் எழுதும் பதிவேடும் காகித விண்ணப்பமும் செல்லும் என்று அரசு ஆணையே போட வேண்டும். டவர் தாமதமானது மலைக்காரர்களின் குற்றம் இல்லையே!